ஆள்காட்டியும் நம்ம ஆளும்

ஒரு காட்டில், மலை இறங்கி வந்து வயல்களைத் தொடுகிற இடத்தில், ஒரு குட்டை இருந்தது. அதன் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி குடியிருந்தது. நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கால், கறுப்புக் கழுத்து, கண்ணோரத்தில் சிவப்பாக ஒரு மடிப்பு. அதற்கு மரத்தில் உட்காரத் தெரியாது. கூடு கட்டவும் தெரியாது. வெறும் தரையில் கூழாங்கற்களைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அங்கேயே முட்டையிடும்.

அதற்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மனிதர் யாராவது கண்ணில் பட்டால் "ஆள், ஆள், ஆள்" என்று கத்தும். விறகு பொறுக்க வந்தவரா, ஆடு தேடி வந்தவரா, வழி தவறி வந்தவரா என்றெல்லாம் விசாரிக்காது. ஆள் என்றால் ஆள்தான்.

அந்தச் சத்தத்தை நம்பித்தான் காடு இருந்தது. குருவி கத்தினால் முயல் புதருக்குள் போகும். மயில் மரமேறும். மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடிவிடும்.

இன்னொருவரும் அந்தச் சத்தத்தை நம்பியிருந்தார். காக்கிச் சட்டை போட்ட வனக்காவலர் அவர். இரண்டு மலைக்கும் அவர் ஒருவர்தான் காவல். அவருக்கும் இருப்பது இரண்டு கால்தானே, எல்லா இடத்திலும் எப்படி இருக்க முடியும்? அதனால் குருவி எந்தப் பக்கம் கத்துகிறதோ அந்தப் பக்கம் திரும்பி நடப்பார். அவரைப் பார்த்தும் குருவி கத்தும். "எம்மேலயே புகார் சொல்றியா?" என்று சிரித்துவிட்டுப் போவார்.

குட்டைக்குத் தண்ணீர் குடிக்க ஒரு புள்ளிமான் கூட்டம் வரும். அதன் தலைவன் பெயர் நெடுங்கொம்பன். சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டால் கொம்பு உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம் அவன். கொம்பு என்னவோ வருஷா வருஷம் உதிரத்தான் செய்தது. ஆனாலும் அவன் தன் சொல்லை மாற்றியதில்லை.

அந்தக் கூட்டத்தில் மருதாணி என்று ஒரு பெண்மான் இருந்தது. மற்ற மான்களைவிடக் கொஞ்சம் சிவந்த தோல், அதனால் அந்தப் பெயர். மருதாணிக்கும் குருவிக்கும் நல்ல ஒட்டு. குருவி முட்டையிட்டிருக்கும் நாட்களில் மருதாணி அந்தக் கூழாங்கல் திட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும். மற்ற மான்கள் தெரியாமல் மிதித்துவிடக் கூடாதே என்றுதான். மருதாணியின் குட்டி திட்டின் ஓரத்து ஆவாரம்புதரில் படுத்துத் தூங்கும். அதைக் குருவி பார்த்துக்கொள்ளும்.

அந்த வருஷம் மான்களுக்கு ஒரு கஷ்டம் வந்தது. குட்டையின் மேல்கரையில் உவர்மண் இருந்தது. மான்கள் தலைமுறை தலைமுறையாக அதை நக்கித்தான் உப்புக்கு வழி செய்துகொண்டிருந்தன. ஐப்பசி மழையில் கரை உடைந்து அந்த மண் முழுக்க அடித்துக்கொண்டு போய்விட்டது. கோடை வந்ததும் மான்களுக்கு நாக்கு வறண்டது. கல்லை நக்கின, காய்ந்த எலும்பைக் கடித்துப் பார்த்தன. மருதாணிக்குப் பால் குறைந்துகொண்டே வந்தது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதது.

அப்போதுதான் உப்புக்காரர் வந்தார்.

அவருக்கு ஊரில் என்ன பெயரோ தெரியாது. காட்டில் எல்லோரும் அவரை உப்புக்காரர் என்றுதான் சொன்னார்கள். ஒரு நாள் முற்பகலில், செவலை என்ற நாய் முன்னே வர, தோளில் ஒரு சாக்குடன் குட்டைப் பக்கம் வந்தார். குருவி கத்தியது. மான்கள் புதருக்குள் போய்விட்டன. அவர் சாக்கிலிருந்த கல்லுப்பைப் பாறைக்குழியில் கொட்டிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் காவலர் வந்துவிட்டார். உப்புக்காரர் சட்டென்று சாக்கைக் குழிமேல் விரித்து அதில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னய்யா இந்தப் பக்கம்?"

"மாடு ஒண்ணு காணலைங்க. தேடிக்கிட்டு வந்தேன்."

"உக்காந்துக்கிட்டா தேடுவாங்க?"

"கால் வலிங்க."

காவலர் அவரைக் காட்டு எல்லைவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். இரண்டு பேரும் போன பிறகு மான்கள் வந்தன. குழியில் வெள்ளையாகக் கிடந்ததை முதலில் மோந்தன, அப்புறம் நக்கின. அன்று அவை அந்தப் பாறையை விட்டு நகரவே இல்லை. இரண்டாம் நாளும் உப்பு வந்தது, மூன்றாம் நாளும் வந்தது. மூன்று நாளும் குருவி கத்தியது. மூன்று நாளும் காவலர் வந்தார்.

"உங்க மாடு தினமும் இதே இடத்துல எப்படிய்யா காணாமப் போகுது?" என்று மூன்றாம் நாள் கேட்டார்.

நான்காம் நாளிலிருந்து உப்பு வரவில்லை.

ஆறாம் நாள் செவலை மட்டும் தனியாகத் தண்ணீர் குடிக்க வந்தது. நெடுங்கொம்பன் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு கேட்டான். "ஏம்ப்பா, உங்க வீட்டுக்காரரைக் காணோமே?"

"எப்படிண்ணே வருவாரு?" என்றது செவலை. "வந்தா இந்தக் குருவி கத்துது. கத்தினா காக்கிச்சட்டைக்காரர் வந்துடறாரு. இது வாய மூடாதவரைக்கும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன்னு எங்க ஐயா சொல்லிட்டாரு."

"எங்களுக்கு எதுக்கு அவரு உப்பு வெக்கணும்?"

செவலை பொய் சொல்லத் தெரியாத நாய். தன் ஐயா சோறு போடுகிறவர், அதனால் நல்லவர். அதற்கு மேல் அது யோசித்ததில்லை. "உங்க மேல அவ்வளவு ஆசைண்ணே அவருக்கு. வீட்டுல எந்நேரமும் உங்க பேச்சுதான். உங்க தோலு என்ன, கொம்பு என்னன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாரு. கொம்பை மாட்டி வைக்கச் சுவத்துல ஆணி கூட அடிச்சு வெச்சிருக்காரு."

நெடுங்கொம்பனுக்கு ஆணி காதில் விழவில்லை. கொம்பைப் புகழ்ந்தது மட்டும் விழுந்தது.

மறுநாள் காலை வாகை மரத்தடியில் கூட்டம் கூடியது. மான்கள் எல்லாம் வந்தன. மயிலும் முயலும் வந்தன. குருவியை நடுவில் நிறுத்தினார்கள்.

"ஏம்மா, எதுக்கு அந்த மனுஷனைப் பாத்துக் கத்தறே?" என்று நெடுங்கொம்பன் ஆரம்பித்தான்.

"ஆள் வந்தா கத்தறதுதானேண்ணே என் வேலை?"

"ஆளுன்னா யாரு? முன்னபின்ன தெரியாதவன். இவரு அப்படியா? தேடி வந்து உப்பு வெக்கறவரு. இவரு ஆளு இல்ல, நம்ம ஆளு."

நம்ம ஆளு. அந்தச் சொல் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. "ஆமா, நம்ம ஆளுதான்" என்றது முயல். உப்பு அது தின்பதில்லை. ஆனாலும் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தலையாட்டி அதற்குப் பழக்கம்.

"நான் தோகையை விரிக்கறப்பல்லாம் இவ கத்தி ஆட்டத்தைக் கெடுக்கறா" என்று மயிலும் தன் பங்குக்கு ஒன்று சொல்லி வைத்தது.

குருவி எல்லோரையும் பார்த்தது. "எனக்கு ஆள்னு கத்தத்தான் தெரியும்ண்ணே. முன்னாடி 'நம்ம' சேர்த்துக் கத்த என் தொண்டையில இடமில்ல. அவரும் ரெண்டு காலுல நடந்துதானே வர்றாரு?"

"அப்ப அவரு வந்தா சும்மா இரு. மத்தவங்க வந்தா கத்து."

"ஒருத்தருக்கு விட்டுட்டு ஒருத்தருக்குக் கத்தினா, அப்புறம் என் சத்தத்துக்கு என்ன அர்த்தம் இருக்கும்?"

நெடுங்கொம்பன் குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகவே பேசினான். "உன் முட்டை நாலும் நாங்க நடக்கற பாதையிலதாம்மா இருக்கு. இத்தனை நாளா நாங்க பாத்துத்தான் கால் வெக்கறோம். கூட்டத்துல ஒத்துமை இல்லேன்னா, யாரு கால் எங்க படும்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

அந்த மிரட்டலுக்காகக்கூடக் குருவி பணிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிருக்கும். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு மருதாணி வந்து பக்கத்தில் நின்றது.

"அக்கா, எனக்காக. குட்டிக்குப் பால் பத்தலை. அந்த மூணு நாளும் வயிறு நெறைய குடிச்சான். நேத்துலேர்ந்து மறுபடியும் அழறான்."

குருவி ஆவாரம்புதரைப் பார்த்தது. குட்டி விலா எலும்பு தெரியப் படுத்திருந்தது.

"சரி" என்றது குருவி. "அவரு வந்தா வாய மூடிக்கறேன்."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இங்கேதான் மனசு அடித்துக்கொள்கிறது. மருதாணி கேட்டதும் தப்பில்லை, குருவி இரங்கியதும் தப்பில்லை என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அந்த ஒரு 'சரி' இல்லாமல் போயிருக்கலாம். ஒரே ஒருவராவது குறுக்கே நின்று, அந்த மனிதருக்கு இதில் என்ன லாபம் என்று இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்.

உப்பு மறுபடியும் வந்தது. உப்புக்காரர் வந்தால் குருவி அலகை இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கும். முதல் சில நாட்கள் தொண்டை வலித்தது, பிறகு பழகிவிட்டது. மான்களுக்கும் பழகிவிட்டது. முதலில் அவர் போன பிறகு வந்து நக்கின. அப்புறம் அவர் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே வந்தன. மருதாணிக்குப் பால் ஊறியது. குட்டி துள்ளியது. குருவியின் நாலு முட்டையும் பொரிந்து குஞ்சுகள் கூழாங்கல் நடுவே ஓடின. ஒன்றுகூட மிதிபடவில்லை. நெடுங்கொம்பன் சொன்ன சொல் தவறாதவன் என்றேனே.

காவலர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவர் தினமும் காலையில் மேட்டில் நின்று காது கொடுத்துக் கேட்பார். குட்டைப் பக்கம் சத்தமே இல்லை. அங்கே யாரும் வருவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அடுத்த மலைக்கு நடந்துவிடுவார்.

ஒரு மாதம் ஆகும்போது கூட்டத்தில் ஒரு இளம் ஆண்மானைக் காணவில்லை. அப்போதுதான் கொம்பு முளைக்க ஆரம்பித்த மான் அது. ஒரு நாள் தேடினார்கள்.

"வயசுக் கோளாறு. வேற கூட்டத்தோட போயிருப்பான்" என்றான் நெடுங்கொம்பன். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்தது.

அடுத்த நாள் செவலை குட்டைக்கு வந்தது. வாயில் ஒரு எலும்பு. அதைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தது. குருவி பறந்து வந்து பார்த்தது. நீளமான மெல்லிய கால் எலும்பு. நுனியில் குளம்பு பிளந்திருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"எங்க வீட்டுலதான். நேத்து விருந்து. ஊருல பாதிப் பேருக்குத் தேக்கிலையில கட்டிப் பங்கு போச்சு. எனக்கும் எங்க ஐயா மறக்காமப் போட்டாரு." செவலை சந்தோஷமாகத்தான் சொன்னது.

"காவலர்கிட்ட யாரும் சொல்லலையா?"

"யாரு சொல்லுவா? ஊருல எல்லாருக்கும் தெரியும். ஒரு கிழவர் மட்டும், இது தப்பில்லையான்னு கேட்டாரு. விடுங்க, அவரு நம்ம ஆளு, காட்டிக் குடுக்க முடியுமான்னு மத்தவங்க அடக்கிட்டாங்க. அவருக்கும் ஒரு பங்கு போச்சு."

குருவி நேரே நெடுங்கொம்பனிடம் பறந்துபோய்ச் சொன்னது.

நெடுங்கொம்பன் அசைபோட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் 'நம்ம ஆளு' என்று சொன்னது அவன்தானே. அதை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது?

"ஆட்டு எலும்பா இருக்கும்" என்றான் கடைசியில்.

"ஆட்டு எலும்பு எனக்குத் தெரியாதாண்ணே?"

"கூட்டம் போட்டு எடுத்த முடிவும்மா அது. நாய் பேச்சைக் கேட்டு மாத்த முடியாது."

குருவி மருதாணியிடம் போயிற்று. மருதாணி பாதி நம்பியது. பிறகு மடியை முட்டிக்கொண்டிருந்த குட்டியைக் குனிந்து பார்த்தது.

"இன்னும் பத்தே நாளுக்கா. குட்டி புல்லு கடிக்கப் பழகிட்டா நான் அந்தப் பாறைப் பக்கமே போக மாட்டேன்."

பத்து நாள் வேண்டியிருக்கவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம், வெயில் இறங்கும் நேரத்தில், உப்புக்காரர் சாக்கோடு ஒரு கம்பிச் சுருளும் கொண்டுவந்தார். பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பி. உப்பை வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டினார். பிறகு பாறைக்கு வருகிற நான்கு வழிகளில் மூன்றில், கருவேல மரங்களில் கம்பியைக் கட்டி, மான் கழுத்து உயரத்தில் சுருக்கு வைத்து இலையால் மறைத்தார். குட்டைப் பக்கம் வழியை மட்டும் திறந்து விட்டார். மான்கள் உள்ளே வருவதற்கு அது.

குருவி எல்லாவற்றையும் கூழாங்கல் திட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு முறை அலகைத் திறந்தது. வாக்கு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டது. இன்னொரு முறை திறந்தது. குஞ்சுகள் ஞாபகம் வந்தது. சத்தமில்லாமல் பறந்து நெடுங்கொம்பனிடம் போயிற்று.

"அண்ணே, கம்பி கட்டறாரு."

"வேலியா இருக்கும். உப்பை மாடு வந்து நக்கிடக் கூடாதுன்னு நமக்காகப் போடுவாரு."

"வேலி எங்கேயாவது வட்டமா தொங்குமாண்ணே?"

"நீ வாய மூடறதா ஒத்துக்கிட்டவ" என்றான் நெடுங்கொம்பன்.

மான்கள் வரிசையாகக் குட்டைப் பக்க வழியில் இறங்கின. முன்னால் நெடுங்கொம்பன். நடுவில் மருதாணி, அதை ஒட்டிக் குட்டி. உப்புக்காரர் பத்தடி தள்ளி எப்போதும்போல் உட்கார்ந்திருந்தார். மான்கள் எல்லாம் பாறையைச் சூழ்ந்து குனிந்ததும் அவர் மெல்ல எழுந்தார். திறந்திருந்த வழியில் போய் நின்றுகொண்டார். கையில் தடி இருந்தது.

அதற்கு மேல் குருவியால் முடியவில்லை. வானத்தில் ஏறிக் கத்தியது.

"ஆள், ஆள், ஆள்."

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அந்த முதல் சத்தத்திலேயே குட்டைக்கரை காலியாகியிருக்கும். இப்போது மான்கள் தலையைத் தூக்கின. சுற்றிலும் பார்த்தன. நிற்பவர் உப்புக்காரர்.

"யாருமில்ல, நம்ம ஆளுதான்" என்று ஒரு மான் சொல்ல, எல்லாம் மறுபடியும் குனிந்துகொண்டன.

மருதாணி மட்டும் குனியவில்லை. குருவியின் குரலில் இருந்த நடுக்கம் அதற்குத் தெரிந்தது. குட்டியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு, உப்புக்காரர் இல்லாத பக்கமாகக் கருவேல மரங்களுக்கு இடையில் ஓடியது. குட்டி சின்னது. சுருக்குக்குக் கீழே புகுந்து வெளியே போய்விட்டது. பின்னாலேயே வந்த மருதாணியின் கழுத்தில் கம்பி விழுந்தது.

அது இழுக்க இழுக்கக் கம்பி இறுகியது. அந்த அலறலில்தான் மற்ற மான்களுக்குப் புத்தி வந்தது. தடியை மீறி, பாறையைத் தாண்டி, நாலா பக்கமும் சிதறி ஓடின. நெடுங்கொம்பனின் இடது கொம்பில் ஒரு சுருக்கு மாட்டியது. உதறிய உதறலில் கொம்பு பாதியாக முறிந்தது. அவன் தப்பிவிட்டான்.

குருவி கத்திக்கொண்டே இருந்தது. அடுத்த மலையில் இருந்த காவலர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஒரு மாதமாகக் கேட்காத சத்தம். தடியை ஊன்றிக்கொண்டு ஓடி வந்தார். நடுவில் ஓர் ஓடை இருந்தது, ஒரு முள்காடு இருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது மருதாணி அசையாமல் கிடந்தது. உப்புக்காரர் அதன் கால்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

காவலர் அவர் கையைப் பிடித்தார்.

"அய்யா, விட்டுடுங்க. நான் இந்த ஊரு ஆளுதானுங்க. உங்க ஆளுன்னு வெச்சுக்குங்க."

"அதனாலதான்யா இத்தனை நாளா எங்கிட்ட ஒருத்தரும் வாயத் திறக்கலை" என்றார் காவலர்.

மருதாணியின் கழுத்திலிருந்து கம்பியைக் கழற்றினார். திறந்தபடி இருந்த கண்களை ஒரு கையால் மூடினார். மற்ற சுருக்குகளையும் அவிழ்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, உப்புக்காரரை முன்னால் நடக்கவிட்டுக் கூட்டிப் போனார். செவலை கொஞ்ச நேரம் மருதாணியைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு வாலை இடுக்கிக்கொண்டு தன் ஐயா பின்னால் போயிற்று. பாவம், அதற்குப் போக வேறு இடம் தெரியாது.

உப்புக்காரருக்குத் தண்டனை கிடைத்தது. பங்கு வாங்கியவர்கள் கொஞ்ச நாள் தலை குனிந்து நடந்தார்கள். அதெல்லாம் நடந்தது. ஆனால் குட்டைக்கரையில் மருதாணி நிற்கிற இடம் காலியாகவே இருந்தது.

ஒரு வாரம் கழித்து நெடுங்கொம்பன் குருவியிடம் வந்தான். முறிந்த கொம்பைச் சாய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"இனிமே யாரு வந்தாலும் கத்தும்மா."

"சரிண்ணே."

"யாரா இருந்தாலும்."

"சரிண்ணே."

அவன் திரும்பிப் போனான்.

பிறகு மழை வந்தது. பாறைக்குழியில் மிச்சமிருந்த உப்பு கரைந்து குட்டையில் கலந்தது. யாரும் அதை நக்கவில்லை. மருதாணியின் குட்டி புல்லைக் கடிக்கப் பழகிவிட்டது. பகலெல்லாம் கூட்டத்தோடு மேய்ந்தாலும், தூங்குவதற்கு மட்டும் அந்த ஆவாரம்புதருக்கே வரும்.

ஒரு நாள் குட்டி கேட்டது. "பெரியம்மா, அவரு உப்பு கொண்டு வந்தப்பல்லாம் நீ ஏன் கத்தலை?"

குருவி குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. அதன் தொண்டையில் இடமே இல்லாத அந்தச் சொல் மிகவும் சிரமப்பட்டு வெளியே வந்தது.

"அவரு நம்ம ஆளுன்னு சொன்னாங்க."

குட்டி நிமிர்ந்து பார்த்தது.

"அப்ப எங்கம்மா யாரு?" என்று கேட்டது.

எந்த ஆளைக் கண்டாலும் கத்தத் தெரிந்த அந்தக் குருவி, குஞ்சுகளோடு நகர்ந்து வந்து குட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

நீதி: தப்பு செய்கிறவர் நம்மவர் என்று வாய் மூடியிருந்தால், பறிபோவதும் நம்மவராகவே இருக்கும்.